அனலாக் இன்புட்: ஒப்புமை உள்ளீடு

அனலாக் இன்புட் (பெயர்ச்சொல்): ஏறி இறங்கும் ஒரு மின்னழுத்தத்தை வாங்கி, அதற்கு ஏற்ற ஓர் எண்ணை நுண்கட்டுப்படுத்திக்கு (ஒற்றைச் சில்லுக்குள் அடங்கிய சிறு கணினிக்கு) கொடுக்கும் முனை. தமிழில் ஒப்புமை உள்ளீடு.

அகராதிக்கு இவ்வளவு போதும். மின்னணுச் சுற்றுகளைப் பழக உதவும் ஆர்டுயினோ ஊனோ என்ற நுண்கட்டுப்படுத்திப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வெப்ப உணரியை இணைக்கப் பார்க்கிறவருக்கு இது போதாது. அந்தப் பலகையின் ஓர் ஓரத்தில் இரண்டு பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருக்கும். ஒன்று ‘பவர்’, இன்னொன்று ‘அனலாக் இன்’. பவர் வரிசையில் 3.3 வோல்ட், 5 வோல்ட், கிரவுண்ட், வின் என்று துளைகள். அனலாக் வரிசையில் ஏ0 முதல் ஏ5 வரை ஆறு துளைகள். முன்னது மின்சாரத்துக்கு, பின்னது அளப்பதற்கு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்றுதான் புதிதாகப் பழகுகிறவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. ‘அனலாக்’ என்ற சொல்லின் வேரிலேயே அது ஒளிந்திருக்கிறது.

கிரேக்கத்தில் ‘லோகோஸ்’ என்றால் சொல், கணக்கு, விகிதம் என்று பல பொருள். ‘அனா’ என்ற முன்னொட்டோடு சேர்ந்து ‘அனலோகியா’ ஆகும்போது அது கணிதச் சொல்: விகிதப் பொருத்தம். 2-க்கு 4 எப்படியோ அப்படி 3-க்கு 6. பிளேட்டோவின் நூல் ஒன்றை லத்தீனில் பெயர்த்த சிசரோ இந்தச் சொல்லுக்கு வந்ததும் தயங்குகிறார். துணிந்துதான் ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு இரண்டு சொற்களை முன்வைக்கிறார்: ‘கம்பராட்சியோ’, ‘ப்ரோபோர்ட்சியோ’. அதாவது ஒப்பீடு, விகிதம். கலைச்சொல்லாக்கத்தில் இறங்குகிற எல்லாருக்கும் வருகிற சங்கடம் அவருக்கும் வந்திருக்கிறது என்பதில் ஓர் ஆறுதல்.

மின்னணுவியலுக்கு இந்தச் சொல் கணிப்பொறி வழியாக வந்தது. 1931 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தில் பொறியாளர் வனீவர் புஷ் உருவாக்கிய வகைக்கெழுப் பகுப்பாய்வு எந்திரத்தில், சமன்பாட்டிலுள்ள ஓர் அளவுக்குப் பதிலாக ஓர் அச்சுத்தண்டு சுழலும். அளவு இரண்டு மடங்கானால் சுழற்சியும் இரண்டு மடங்கு. பின்னால் வந்த எந்திரங்களில் தண்டின் இடத்தை மின்னழுத்தம் பிடித்துக்கொண்டது. ஒன்றுக்கு ஒப்பாக இன்னொன்று நிற்கிறது, அதனால் அனலாக். விரலைக் குறிக்கும் லத்தீனின் ‘டிஜிட்டஸ்’ வழியாக வந்த ‘டிஜிட்டல்’ எதிரணியில் சேர்ந்தபிறகு, ‘அனலாக் என்றால் தொடர்ச்சியானது, டிஜிட்டல் என்றால் விட்டுவிட்டு வருவது’ என்று பொருள் நழுவிவிட்டது. இன்று பள்ளிப் பிள்ளைகள் படிப்பது இந்த நழுவிய பொருளைத்தான். தப்பில்லை, ஆனால் ஊனோவின் ஆறு துளைகளைப் புரிந்துகொள்ளப் பழைய பொருளே அதிகம் உதவும்.

ஏனென்றால் அந்தத் துளைகள் வோல்ட்டை அளப்பதில்லை, விகிதத்தை அளக்கின்றன. பலகையிலுள்ள ஏடிமெகா328பி சில்லுக்குள் ஒரு 10 பிட் மாற்றி, அதாவது பத்து இரும இலக்கங்களில் விடை தரும் மாற்றி, இருக்கிறது. ஒப்புமை-இலக்க மாற்றி என்று அதைச் சொல்லலாம். துளையில் வரும் அழுத்தத்தை அது ஓர் ஒப்பீட்டு அழுத்தத்தோடு சேர்த்துப் பார்த்து, 1024 பங்கில் இது எத்தனை பங்கு என்று மட்டும் சொல்கிறது. விடை 0 முதல் 1023 வரை ஏதாவது ஓர் எண். நாம் எதுவும் சொல்லாவிட்டால் அந்த ஒப்பீட்டு அழுத்தம் எது தெரியுமா? பக்கத்து வரிசையிலிருக்கும் அதே 5 வோல்ட்.

மாற்றி வேலை செய்யும் விதம் தராசில் நிறுப்பதைப் போன்றது. எடைக்கற்கள் 512, 256, 128 என்று பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போய் 1-இல் முடியும். எல்எம்35 வெப்ப உணரியை ஏ0-வில் இணைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் தரும். 30 டிகிரி என்றால் 300 மில்லிவோல்ட். 5 வோல்ட்டை 1024-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 4.88 மில்லிவோல்ட். 512 வைத்தால் கனம், எடுத்துவிடு. 256, 128 இரண்டும் கனம். 64 என்பது 312.5 மில்லிவோல்ட், அதுவும் கொஞ்சம் கனம். 32 இருக்கட்டும். 16 சேர்த்தால் 48, இருக்கட்டும். 8 சேர்த்தால் 56, 4 சேர்த்தால் 60, இருக்கட்டும். 2 சேர்த்தால் 62, அது 302.7 மில்லிவோல்ட், கனம். கடைசியாக 1. விடை 61. பத்துக் கற்களையும் வைத்துப் பார்த்து முடிக்க ஏறக்குறைய 104 மைக்ரோவினாடி ஆகிறது. ஒரு வினாடிக்குப் பத்தாயிரம் தடவைக்குக் கொஞ்சம் குறைவாக நிறுக்கலாம்.

சரி, இப்போது பவர் பக்கம் போவோம். ‘பவர் சப்ளை’க்கு மின்வழங்கி என்பது நல்ல சொல், செயலைச் சொல்ல மின்வழங்கல். ‘பவர்’ என்ற இயற்பியல் அளவுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திறன், இலங்கைப் பாடநூல்களில் வலு. எனக்கு வலு பிடிக்கும். திறன் என்றால் கெட்டிக்காரத்தனமும் நினைவுக்கு வந்துவிடுகிறது. ‘வோல்ட்’ என்பதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை, அது இத்தாலியரான அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டாவின் பெயர். 1881 பாரிஸ் மாநாட்டில் அலகுப் பெயராக ஏற்கப்பட்டது. பலகையின் பெயரிலும் இத்தாலிதான். வடஇத்தாலியின் இவ்ரேயா ஊரில் 2005-இல் பிறந்த ஆர்டுயினோ, அங்கிருந்த ஒரு மதுக்கடையின் பெயரைக் கொண்டது. அந்தக் கடை, 1002-இல் இத்தாலியின் அரசனான ஆர்டுயினின் பெயரைக் கொண்டது. 2010-இல் வந்த பலகைக்கு ‘ஊனோ’ என்று பெயர். இத்தாலியத்தில் ஒன்று.

‘கிரவுண்ட்’ என்பதைப் புவியிணைப்பு என்று எழுதுவது வீட்டு மின்வேலைக்குச் சரி. எர்த் கம்பி உண்மையிலேயே மண்ணுக்குள் போகிறது. பேட்டரியில் ஓடும் ஊனோவின் கிரவுண்ட் எந்த மண்ணையும் தொடுவதில்லை. எல்லா அழுத்தங்களையும் எதிலிருந்து அளக்கிறோமோ அந்தச் சுழிப் புள்ளி அது. பொதுமுனை என்றால் குழப்பம் வராது. உணரிக்குத் தனி பேட்டரி கொடுத்துவிட்டு, இரண்டின் பொதுமுனைகளையும் இணைக்க மறந்தால், ஏ0-வில் வரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

‘வின்’ என்பது வோல்டேஜ் இன் என்பதன் சுருக்கம், அதாவது உள்வரும் மின்னழுத்தம். வட்டச் செருகியிலோ இந்த முனையிலோ 7 முதல் 12 வோல்ட் வரை கொடுக்கச் சொல்கிறார்கள். 5 வோல்ட் பலகைக்கு 7 எதற்கு? செருகிக்குப் பின்னால், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடு ஏறக்குறைய 0.7 வோல்ட்டைத் தின்னும். அதன் பின்னாலிருந்து 5 வோல்ட்டை நிலையாகத் தரும் மின்னழுத்தச் சீராக்கிக்கு, தான் கொடுப்பதைவிட ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல் கூடுதலாக வேண்டும். கூட்டினால் 7-ஐ நெருங்கிவிடும். மேல்பக்கம் 12-இல் நிறுத்தச் சொல்வது சூட்டுக்காக. வின் முனையில் 12 வோல்ட் கொடுத்து 200 மில்லியாம்பியர் இழுத்தால், மிச்சமுள்ள 7 வோல்ட்டும் சீராக்கியில் 1.4 வாட் வெப்பமாகிறது. விரல் வைத்தால் சுடும். 9 வோல்ட் கொடுத்தால் அது 0.8 வாட். இன்னொன்று: அந்த டயோடு வட்டச் செருகிக்கு மட்டும்தான் காவல். வின் துளையில் கம்பிகளை மாற்றிச் செருகினால் காப்பாற்ற யாருமில்லை.

யுஎஸ்பியும் செருகியும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால் எதை எடுத்துக்கொள்வது என்பதைப் பலகையே முடிவு செய்கிறது. அதிலிருக்கும் ஓர் ஒப்பீட்டுச் சுற்று, வின் அழுத்தத்தின் பாதியை 3.3 வோல்ட்டோடு ஒப்பிடும். பாதி அதிகமாக இருந்தால், அதாவது வின் 6.6 வோல்ட்டைத் தாண்டியிருந்தால், யுஎஸ்பியின் மின்சாரத்தை வெட்டிவிடும். அனலாக் துளைகளுக்கு வருமுன்பே, பவர் பகுதியிலேயே ஒப்பிடும் வேலை தொடங்கிவிடுகிறது.

இரண்டு வரிசையும் மோதிக்கொள்வது யுஎஸ்பியில்தான். சீராக்கி வழியாக வரும் 5 வோல்ட் ஏறக்குறைய 5-தான். யுஎஸ்பி வழியாக வருவது கம்பியின் நீளத்தையும், மடிக்கணினியின் மனநிலையையும் பொறுத்தது. 4.7 என்று வைத்துக்கொள்ளுங்கள். அறையில் அதே 30 டிகிரி, எல்எம்35 தருவது அதே 300 மில்லிவோல்ட். ஆனால் 4700-இல் 300 எத்தனை பங்கு? மாற்றி 65 என்று சொல்லும். நிரலோ 5 வோல்ட் என்று நம்பிக் கணக்குப் போட்டு, 31.7 டிகிரி என்று காட்டும். உணரியில் பழுதில்லை, சில்லிலும் பழுதில்லை. விகிதத்தின் கீழ்ப்பகுதி மாறிவிட்டது, அதை யாரும் நிரலுக்குச் சொல்லவில்லை.

அதே பலகையில் ஒரு 10 கிலோஓம் திருகுமின்தடையை (பொட்டென்ஷியோமீட்டரை) 5 வோல்ட்டுக்கும் பொதுமுனைக்கும் நடுவில் போட்டு, அதன் நடுக்காலை ஏ0-வில் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. பாதியில் வைத்தால், 5 வந்தாலும் 4.7 வந்தாலும் 512-ஐ ஒட்டித்தான் காட்டும். அதுவும் தன் பங்கைத்தான் சொல்கிறது, மாற்றியும் பங்கைத்தான் கேட்கிறது. ஒரே வழங்கலிலிருந்து இரண்டும் சாப்பிடுவதால் ஏற்ற இறக்கம் அடிபட்டுப் போகிறது.

எல்எம்35-க்கு வழி, ஒப்பீட்டு அழுத்தத்தை மாற்றுவது. சில்லுக்குள்ளேயே 1.1 வோல்ட் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் 300 மில்லிவோல்ட்டுக்கு 279 வரும். ஒரு பங்கு ஏறக்குறைய 0.1 டிகிரி, முன்பு அரை டிகிரி. இந்த 1.1 சில்லுக்குச் சில்லு 1.0-லிருந்து 1.2 வரை வேறுபடும், ஆனால் ஒரே சில்லில் பெரிதாக அசையாது. ‘ஏரெஃப்’ (அனலாக் ரெஃபரென்ஸ் என்பதன் சுருக்கம்) முனையில் மல்டிமீட்டர் வைத்து ஒருமுறை அளந்து நிரலில் எழுதிவிட்டால் போதும். அந்த ஏரெஃப் முனைக்கு வெளியிலிருந்தும் அழுத்தம் கொடுக்கலாம். கொடுப்பதானால், முதல் அளவீட்டுக்கு முன்பே நிரலில் வெளி ஒப்பீடு என்று அறிவித்துவிட வேண்டும். இல்லையென்றால் உள் அழுத்தமும் வெளி அழுத்தமும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு சில்லே போய்விடலாம்.

‘ரெஃபரென்ஸ்’ என்பதற்கு மேற்கோள் மின்னழுத்தம், குறிப்பு மின்னழுத்தம் என்று எழுதலாம். நான் ஒப்பீட்டு மின்னழுத்தம் என்றே எழுதுவேன். அனலாக்குக்கு ஒப்புமை என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே வேரில் நிற்கும்: ஒப்புமை உள்ளீடு தன்னை ஒப்பீட்டு மின்னழுத்தத்தோடு ஒப்பிடுகிறது. படித்த மாத்திரத்தில் பவர் வரிசைக்கும் அனலாக் வரிசைக்கும் உள்ள உறவு தெரிந்துவிடுகிறது. ‘தொடர்முறை’ என்ற மொழிபெயர்ப்பு நழுவிய பொருளைப் பிடித்துக்கொண்டது. ‘அலைமருவி’ என்ற ஆக்கமும் சில இடங்களில் கண்ணில் படும். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அது பொருந்தலாம். எல்எம்35-இலிருந்து வருவது அலையே இல்லை, மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் அழுத்தம்.

‘உள்ளீடு’ பற்றி ஒரு வார்த்தை. உள்ளே இடப்படுவது உள்ளீடு. பொருளுக்குள் இருக்கும் சாரத்துக்கும் அதே பெயர் உண்டு. ‘உள்ளீடற்ற பேச்சு’ என்கிறோமே, அது. எதுவும் இணைக்காத ஏ0-வைப் படித்துப் பாருங்கள். 0 வராது. 300, 340, 290 என்று மனம்போனபடி அலையும். சுற்றியிருக்கும் மின்கம்பிகளின் இரைச்சலை அது பிடிக்கிறது. உள்ளீடற்ற உள்ளீடு என்று இதைச் சொல்லலாம். தற்போக்கு எண்களுக்கு விதை வேண்டும்போது இந்த அலைச்சலையே பயன்படுத்துகிறவர்கள் உண்டு.

அப்புறம், ஒரு பெயர் ஏமாற்றும். நிரலில் ‘அனலாக்ரைட்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. அனலாக் இன் இருப்பதால் இது அனலாக் அவுட் என்று தோன்றும். பழைய ஊனோவில் அது அனலாக்கே இல்லை, இந்த ஆறு துளைகளுக்குச் சொந்தமும் இல்லை. 3, 5, 6, 9, 10, 11 ஆகிய இலக்கமுறை முனைகளில் 5 வோல்ட்டை வேகமாகப் போட்டு நிறுத்தி, எவ்வளவு நேரம் போடுவது என்பதை மாற்றும் துடிப்பு அகலப் பண்பேற்றம் அது. எல்இடி விளக்கு மங்கும், மோட்டார் மெதுவாகும். ஆனால் முனையில் 2.5 வோல்ட் என்று ஒன்று எப்போதும் இருக்காது. 2023-இல் வந்த ஊனோ ஆர்4 பலகையில்தான் ஏ0 முனைக்கு உண்மையான 12 பிட் இலக்க-ஒப்புமை மாற்றி கிடைத்தது. அதில் உள்ளீட்டு மாற்றி 14 பிட் வரை போகும், வின் முனையும் 24 வோல்ட் வரை தாங்கும். பழைய நிரல்கள் கெட்டுப்போகக்கூடாது என்பதால், நாமாகக் கேட்கும்வரை அந்தப் பலகையும் 0 முதல் 1023 வரைதான் விடை சொல்கிறது.