பைபாஸுக்கு நிலம் போகுதா? 21 நாளை விட்டுடாதீங்க

எங்க பெரியப்பா நாத்தங்காலுக்குத் தண்ணி கட்டப் போனவரு, வரப்புல மஞ்சப் பெயின்ட் அடிச்ச கல்லு நிக்கிறதைப் பாத்துட்டு ஓடி வந்தாரு. அவருக்கு வந்த நோட்டீஸே அந்தக் கல்லுதான். நிலம் எடுக்கற ஆபீஸுல போயி கேட்டா, ஆட்சேபனை டைம் முடிஞ்சு மாசக்கணக்கா ஆச்சு, பேப்பர்லயே போட்டோமேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அந்தப் பேப்பர எங்க தெருவுல யாரும் வாங்குறதே இல்லைங்க. இன்னொரு வீட்டுல இது நடக்கக்கூடாதுன்னுதான் எழுதுறேன்.

ரோடு வேணாம்னு சொல்ல வரல. முகூர்த்த நாள்ல கும்பகோணத்துக்குள்ள பஸ்ஸுல மாட்டுனவங்களுக்கு பைபாஸ் ஏன் வேணும்னு தெரியும். விக்கிரவாண்டி - தஞ்சாவூர் ரோடு மாதிரி தேசிய நெடுஞ்சாலைக்கு எடுத்தா 1956 தேசிய நெடுஞ்சாலைச் சட்டம், மாநில நெடுஞ்சாலைன்னா 2001 சட்டம், அதுல நடைமுறை வேற. இங்க சொல்றது முதல் வகைக்கு.

முதல்ல 3ஏ அறிவிப்பு வரும், அதாவது இந்த நிலத்தை எடுக்கப் போறோம்னு அந்தச் சட்டத்தோட 3ஏ பிரிவுல சொல்றது. உங்க சர்வே நம்பர் கெஜட்டுல (அரசிதழ்ல) வரும், அப்புறம் ரெண்டு பேப்பர்ல, அதுல ஒண்ணு உள்ளூர் மொழிப் பேப்பர். வீட்டுக்கு வந்து சொல்லணும்னு சட்டத்துல இல்ல. கெஜட்டுல வந்த தேதியிலேருந்து 21 நாள்தான் ஆட்சேபனைக்கு, பேப்பர்ல வர்றப்பவே அதுல பாதி போயிருக்கலாம். அதனால பைபாஸ்னு ஊருல பேச்சு அடிபட்ட உடனே விஏஓ-கிட்ட வாரத்துக்கு ஒரு தரம் கேட்டுக்கிட்டே இருங்க.

ஆட்சேபனையில வெறும் "நிலம் தர மாட்டேன்"னு எழுதுனா ஒரே வரியில தள்ளுபடி பண்ணிடுவாங்க. சர்வே நம்பர், உட்பிரிவு, எந்த வாய்க்கால்லேருந்து பாயுது, எந்த வடிகால்ல வடியுது, அதுல எத்தனை மா நிலம் பாயுதுன்னு எழுதி, எந்த இடத்துல கல்வெர்ட்டு (ரோட்டுக்கு அடியில தண்ணி போற சின்னப் பாலம்) வேணும்னு கேளுங்க. நம்ம ஊருல ரோட்டுக்கு மண்ணடிச்சு மேடாக்கி வடிகால அடைச்சா ஐப்பசி மழையில மேலண்டை வயல் அத்தனையும் முழுகிடும். மனுவை நேர்ல குடுத்தா நகல்ல தேதியோட சீல் வாங்குங்க, "வச்சிட்டுப் போங்க"ன்னா எடுத்துக்கிட்டு வந்து ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. வாய்ப்பேச்சுக்கு அங்க மதிப்பே கிடையாது.

அப்புறம் 3டி, நிலத்தை எடுத்தாச்சுன்னு சொல்ற அறிவிப்பு. அது கெஜட்டுல வந்துட்டா நிலம் அரசாங்கத்தோடது, நீங்க இன்னும் நட்டுக்கிட்டு இருந்தாலும் சரி. 3ஏ வந்து ஒரு வருஷத்துக்குள்ள 3டி வரலன்னா பழைய அறிவிப்பு செல்லாது (கோர்ட்டு தடை இருந்த நாளைக் கழிச்சுப் பாக்கணும்), இதை யாரும் உங்ககிட்ட வந்து சொல்ல மாட்டாங்க.

பணம் மாட்டுறது பட்டாவுலதான். தாத்தா பேருல பட்டா, இல்ல நாலு பேரு கூட்டுப் பட்டா, அதுல ஒருத்தர் சிங்கப்பூர்ல. பங்குல தகராறுன்னா பணம் சிவில் கோர்ட்டுக்குப் போயிடும், அங்கேருந்து எடுக்கறதுக்குள்ள பிள்ளைங்க கல்யாணமே முடிஞ்சிடும். பேரு மாத்தப் போனா விஏஓ தாலுகாவுக்குப் போங்கம்பாரு, தாலுகாவுல சர்வேயர் வரணும்பாங்க, சர்வேயர் இன்னைக்கு வேற ஃபிர்க்கா. ஒரு மா நிலத்துக்கு ஏழு தடவை நடந்தவங்களை எனக்குத் தெரியும். வாரிசு சான்று, உட்பிரிவு, ஈசி (வில்லங்கச் சான்று) எல்லாத்தையும் இப்பவே முடிச்சு வைங்க. குத்தகைக்குப் பயிர் பண்றவங்க குத்தகைப் பதிவு இல்லாம போனா பேச்சே எடுபடாது, கோயில் நிலமா இருந்தா ரசீதுகளைப் பத்திரமா வைங்க.

தொகை எப்படின்னா, கைடுலைன் மதிப்பு (பத்திரப் பதிவுக்கு அரசாங்கம் வச்ச விலை) ஒரு பக்கம், முந்தின 3 வருஷத்துல அக்கம்பக்கத்துல நடந்த கிரயங்கள்ல அதிக விலையுள்ள பாதியோட சராசரி இன்னொரு பக்கம், எது அதிகமோ அது. கிராமத்துக்கு அதுல ஒரு பெருக்கல் உண்டு. மரம், போர், மோட்டார் கொட்டகை சேத்து, வர்ற தொகைக்கு இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை, 3ஏ தேதியிலேருந்து நிலத்து மதிப்புக்கு வருஷத்துக்கு 12 சதவீதம். ஆறுதல் தொகை, வட்டி ரெண்டும் நெடுஞ்சாலை நிலத்துக்கும் உண்டுன்னு 2019-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாச்சு. தொகையை முடிவு பண்ணித் தர்ற தீர்வாணைத் தாள்ல ஒவ்வொரு வரியா இருக்கான்னு பாருங்க, தென்னை எண்ணிக்கையை நீங்களே எண்ணுங்க.

பெரியப்பாவுக்கு நடுவுல ரோடு போயி முக்கோணமா ஒரு துண்டு மிச்சம், டிராக்டர் திரும்பாது. நிலம் துண்டானதுக்கும் நஷ்டஈடு குடுக்கணும்னு அதே சட்டத்தோட 3ஜி பிரிவுலயே இருக்கு, கேட்டவங்களுக்குத்தான் கணக்குல வருது, அவரு கேக்கல. வருமான வரி பிடிச்சாங்கன்னா விடாதீங்க, 2013 நிலம் எடுப்புச் சட்டம் 96-வது பிரிவுல வரி கிடையாது.

தொகை கம்மின்னா "ஆட்சேபனையுடன் பெறுகிறேன்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிக்கிட்டு, நடுவர்கிட்ட மனு போடுங்க, பெரும்பாலும் கலெக்டர்தான் நடுவர். அவரு தீர்ப்பும் சரியில்லன்னா அது கைக்கு வந்த நாள்லேருந்து 3 மாசத்துக்குள்ள மாவட்ட கோர்ட்டுக்குப் போயிடணும். தக்க காரணம் சொன்னா இன்னும் 30 நாள் தருவாங்க, அதுக்கு மேல ஒரு நாள்கூட கோர்ட்டு நெனச்சாலும் குடுக்க முடியாது, அதனால தீர்ப்பு வந்த கவரை, தபால் முத்திரையோட, கிழிக்காம எடுத்து வைங்க.