இறுக்கிப் பூட்டிய கொட்டிலில் கறல் வேகமாகப் பிடிக்கும்

மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், பேஜோ 404 போன்ற பழைய கார் வைத்திருப்பவர்கள் திருகோணமலையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் காரைவிடச் சாமான்கள்தான் பெரிது. மொரிஸ் மைனர் தயாரிப்பு 1970களின் தொடக்கத்திலேயே நின்றுபோனது. பழைய காபரேற்றரோ நல்ல பம்பரோ கண்ணில் பட்டால் விடுவார்களா? எல்லாம் பின்வளவுக் கொட்டிலில் குவியும். கொட்டில் ஒழுகத் தொடங்கியதும் என்னைப் போன்ற கட்டட வேலைக்காரரைத் தேடி வருவார்கள். "நாலு பக்கமும் கல் வைச்சு, காத்துப் புகாமல் ஷட்டர் போட்டுத் தாங்கோ" என்பார்கள்.

அந்தக் காற்றுப் புகாத விஷயத்தில்தான் எனக்கும் அவர்களுக்கும் ஒத்துவராது. காற்றோடுகிற தகரக் கொட்டிலில் வருடக்கணக்காகக் கிடந்து தப்பிய கியர்பொக்ஸ், புதுக் கட்டடத்துக்குள் போன முதல் மாரியிலேயே கறல் பூத்ததைக் கண்டிருக்கிறேன். கூரை ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

இரும்பு கறல் பிடிக்க மழை மேலே பட வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதன் 60 வீதத்தைத் தாண்டினாலே கறல் வேகமெடுக்கும். எங்கள் ஊரில் அதோடு உப்பும் சேர்கிறது. 75 வீத ஈரப்பதனில் சாதாரண உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தானே கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட் அதற்கு வெகு முன்னமே கரைந்துவிடும். உப்புவெளிப் பக்கம் கடலைப் பார்த்த வீடுகளில் யன்னல் கம்பி படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மாரி. அந்த மாதங்களில் விடியப்புறம் தகரம் குளிரும்போது, உள்ளே அடைபட்ட ஆவி தகரத்தின் அடிப்பக்கம் முத்துமுத்தாகச் சேர்ந்து சொட்டும். "கூரை ஒழுகுது" என்று மேலே ஏறி ஆணித் துளைகளுக்குப் பசை அப்புகிறவர்கள் உண்டு. தண்ணீர் வருவது கீழேயிருந்து.

ஆம், பெரும்பாலும் நிலத்திலிருந்துதான். கொங்கிறீற் போடுமுன் 1000 கேஜ் தடிப்புள்ள பொலித்தீனை விரித்து, ஓரங்களைச் சுவரில் மேலே மடித்துவிட வேண்டும். போட்ட கொங்கிறீற்றும் உடனே காயாது. அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்று கணக்கு வையுங்கள். நாலு அங்குலமென்றால் நாலு மாதம். அதனால் தென்மேற்குக் கச்சான் காற்று தொடங்கும்போதே நிலவேலையை முடித்துவிடச் சொல்வேன். செப்டெம்பரில் நிலம் போட்டு, ஒக்டோபரில் சாமான் அடுக்கினால் அந்த ஈரம் முழுவதும் சாமானுக்குத்தான். மலிவென்று உப்புக் கழுவாத கடல் மணலை வாங்கிப் பூசினாலும் அதே கதை.

சுவரில் கீழே ஒரு வரிசை, கூரையைத் தாங்கும் வளைமரத்துக்குக் கீழே ஒரு வரிசை என்று எதிரெதிரே துவாரம் விடுங்கள், எலி புகாமல் வலை அடியுங்கள். ஆனால் துவாரம் விட்டால் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கப் பார்க்கும். 1964 டிசம்பர் புயலை மூத்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் வந்ததை எல்லோரும் அறிவோம். கைமரத்தை வளையோடு இரும்புப் பட்டியால் கட்டுங்கள். ஆணியை மட்டும் நம்ப வேண்டாம்.

இனிப் பழைய கூரையைக் கழற்றுவது. நான் கடுமையாகப் பேசுவது இதில் மட்டும்தான். அஸ்பெஸ்டஸ் சீற்றின் மேல் ஏறி நடக்காதீர்கள்; பழைய சீற் ஆளைத் தாங்காது. சுத்தியலால் உடைப்பது, கிரைண்டரால் வெட்டுவது, கம்பித் தூரிகையால் தேய்ப்பது எதுவும் கூடாது; நார்த் தூசி கிளம்பும். தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ற்றைக் கழற்றி, சீற்றை முழுசாக இறக்கிப் பொலித்தீனில் சுற்றுங்கள். மூக்கில் கட்டும் துணி போதாது, நுண்தூசியையும் தடுக்கும் பி100 வடிகட்டி பூட்டிய றப்பர் முகமூடி வேண்டும். "இது வெள்ளை அஸ்பெஸ்டஸ், ஒன்றும் செய்யாது" என்று மேசன்மார் சொல்வார்கள். இலங்கையில் 1987இல் தடையானது நீல வகை என்பது உண்மைதான். ஆனால் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் எல்லா வகையையும் புற்றுநோய் தருவதாகவே வகைப்படுத்தியிருக்கிறது. நோய் வெளியே தெரிய இருபது, முப்பது, நாற்பது வருடம் ஆகலாம். அதனால்தான் யாருக்கும் பயமில்லை. உடைந்த துண்டைக் கோழிக்கூட்டுக்கு எடுத்துப் போவதையும் விடச் சொல்லுங்கள்.

அந்தத் தூசி நீங்கள் தட்டில் அடுக்கும் சாமானிலும் இருக்கிறது. அக்காலத்துப் பிறேக் லைனிங்கிலும் கிளச் தட்டிலும் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. கொம்பிறசரால் ஊதித் துப்புரவு செய்யாதீர்கள், அரத்தாள் பிடிக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியையும் சேர்த்துப் பையில் கட்டி அஸ்பெஸ்டஸ் என்று எழுதி வையுங்கள்.

அடுக்குவதைப் பற்றிச் சுருக்கமாக. குளியலறை கழுவும் அசிட் போத்தலைக் கொட்டிலுக்குள் வைக்கவே வேண்டாம். மூடி சற்றுத் தளர்ந்தாலும் ஆவி எல்லா இரும்பையும் தின்னும். பற்றரி சார்ஜ் செய்வதும் வெளியில். பத்திரிகைத் தாளில் சுற்றாதீர்கள், அது ஈரம் குடிக்கும். பழைய பிறேக் றப்பருக்குக் கிறீஸ் பூசினால் ஊதிக் கெட்டுவிடும், பவுடர் தூவி இருட்டில் வையுங்கள்.

காசு போதாவிட்டால் ஷட்டரைத் தள்ளிப்போடலாம், சுவர்ப் பூச்சையும் தள்ளிப்போடலாம். நிலத்தடிப் பொலித்தீனைத் தள்ளிப்போட முடியாது. அது இல்லாத பழைய நிலத்தை அப்படியே வைத்திருக்கப் போகிறீர்களென்றால், தட்டுகளை ஆறங்குலமாவது உயர்த்தி, சுவரில் முட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள்.