பர்ன்அவுட்: தமிழில் பணி அயர்ச்சி

எரிபொருள் தீர்ந்து ராக்கெட் எஞ்சின் அணைவதையும் ஆங்கிலத்தில் 'பர்ன்அவுட்' என்பார்கள். 1974இல் இந்தச் சொல்லை, வேலை செய்தே வற்றிப்போகும் மனிதர்களுக்குப் பொருத்திக் கட்டுரை எழுதியவர் நியூயார்க் உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர். இலவச மருத்துவமனைத் தொண்டர்களோடு வேலை செய்தவர். ஈடுபாடு மிகுந்தவர்களே இதில் எளிதாகச் சிக்குகிறார்கள் என்றார்.

1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் வெளியிட்ட அளவுகோல் இதை மூன்றாகப் பிரித்தது: உணர்ச்சி வற்றுதல், எதிரில் இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் ஒதுங்குதல், 'நான் எதையும் சாதிக்கவில்லை' என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் இதை நோயாகச் சொல்லவில்லை. வேலையிடத்தில் தீராமல் நீடிக்கும் அழுத்தத்தின் விளைவு என்கிறது.

தமிழில் பலர் 'மனச்சோர்வு' என்று எழுதிவிடுகிறார்கள். அது டிப்ரஷனுக்கு நிலைத்துவிட்ட சொல், இங்கே குழப்பும். 'எரிந்துபோதல்' என்றால் வயிற்றெரிச்சல்தான் ஞாபகம் வருகிறது. 'அலுப்பு' பாதி பொருந்தும், ஆனால் ஒரு தூக்கம் போட்டால் போய்விடும். என் தேர்வு 'பணி அயர்ச்சி'. விழா அயர்தல், வெறி அயர்தல் (முருகனுக்கு வேலன் ஆடும் ஆட்டம்) என்று பழந்தமிழில் முழு மனதோடு ஒன்றைச் செய்வதும் அயர்தல்தான். தளர்ந்து விழுவதும் அயர்தல்தான். பிராய்டன்பெர்கர் சொன்ன இரண்டு முனையும் ஒரே வினைக்குள் இருக்கின்றன!

மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்றுநர்களிடம் இதைப் பொருத்திப் பாருங்கள். (அரசு வழக்கில் 'சிறப்பாசிரியர்' என்றால் ஓவியம், தையல், இசை ஆசிரியர்களும் வந்துவிடுவார்கள்; அதனால் 'பயிற்றுநர்'.) சட்டைப் பொத்தான் போட இரண்டு மாதம் சொல்லிக்கொடுத்த பிள்ளை, தீபாவளி லீவு முடிந்து வந்ததும் பொத்தானைப் புதுசாகப் பார்க்கிறான். "எனக்குச் சொல்லிக்கொடுக்கவே வரலை" என்று அந்த டீச்சருக்குத் தோன்றுவது மாஸ்லாக் சொன்ன மூன்றாவது கூறு. இதற்கு லீவு மட்டும் போதாது. இந்த எண்ணத்தை ஆதாரத்தோடு உரசிப் பார்க்கச் சொல்கிறது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பொத்தானைப் பிடித்தான், துளைக்குக் கொண்டுபோனான், பாதி நுழைத்தான் என்று படிகளாகப் பிரித்துத் தேதி போட்டு எழுதிய நோட்டு அந்த ஆதாரம். 'ஏற்பும் உறுதிப்பாடும்' என்ற சிகிச்சை முறை வேறு வழியில் போகும்: எண்ணத்தோடு மல்லுக்கட்டாதே, அது வந்துபோகட்டும், நீ எதற்காக இந்த வேலைக்கு வந்தாயோ அதற்கான அடுத்த காரியத்தைச் செய்.

முதல் கூறான வற்றுதலுக்கு மூச்சுப் பயிற்சி, இந்த நொடியில் கவனம் வைக்கும் மனவிழிப்புப் பயிற்சி தருகிறார்கள். பயன் உண்டு. ஆனால் ஒரே ஆள் நாலு பள்ளிக்கு பஸ் மாறி ஓடி, இரவில் பதிவேடும் நிரப்ப வேண்டியிருந்தால், முதலில் குறைக்க வேண்டியது அந்தப் பதிவேட்டைத்தான்.