பல்லுல ஒட்டுற பசை இதயத்துலயும் ஒட்டும்

குரோம்பேட்டைலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு: "சித்தப்பாவுக்கு ஒரு மாசமா சாயந்திரம் ஆனா காய்ச்சல், பாராசிட்டமால் போட்டுட்டு வேலைக்குப் போயிட்டிருந்தாரு, திடீர்னு ஒருநாள் காலைல காபி டம்ளர் கையிலேர்ந்து நழுவிடுச்சு, வாய் கோணிடுச்சு. ஸ்ட்ரோக்காம். ஆனா டாக்டர் பல்லைப் பாக்குறாரு. பல்லுக்கும் பக்கவாதத்துக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

நடுவுல இதயம் இருக்கு தம்பி. இதய வால்வுல, அதாவது ரத்தம் ஒரே திசைல போக வைக்கிற கதவுல, கிருமி கூடு கட்டுற வியாதி இருக்கான்னுதான் டாக்டர் பாக்குறாரு, எண்டோகார்டைட்டிஸ்னு பேரு, விடாத காய்ச்சலும் அதால வரலாம்.

சொத்தைப் பல்லு, வீங்கின ஈறு வழியா வாய் பாக்டீரியா ரத்தத்துக்குள்ள போறது சாதாரணம், பல் தேய்க்கும்போதே போகும், வால்வு நல்லா இருந்தா வழுக்கிட்டுப் போயிடும். சின்ன வயசுல தொண்டைப் புண்ணைக் கண்டுக்காம விட்டு ருமாட்டிக் காய்ச்சல் (மூட்டையும் இதயத்தையும் தாக்குற காய்ச்சல்) வந்தவங்கள்ல பலருக்கு வால்வு தழும்பாகி சொரசொரன்னு இருக்கும். அங்கதான் வினை.

விஷயம் மோசம்தான், ஆனாலும் இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாய்ல வாழுற விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்ங்கிற பாக்டீரியா வகையறால சிலது, பல்லைப் பிடிச்சுக்க நாம தின்ற சர்க்கரைலேர்ந்தே டெக்ஸ்ட்ரான்னு ஒரு பசை காய்ச்சும். அதே பசைதான் வால்வுலயும் பிடிச்சுக்க உதவுது! ஒட்டினதும் ரத்தத் தட்டணுக்கள் ஏதோ காயம்னு நெனச்சு வந்து மேல அப்பும், ரத்தத்தை உறைய வைக்கிற ஃபைப்ரின் நார் வலை பின்னும், அதுமேல மறுபடி பாக்டீரியா, மறுபடி தட்டணு, நம்ம மெட்ராஸ் சுவத்துல போஸ்டர் மேல போஸ்டர் ஒட்டுவாங்களே அந்த மாதிரி. வால்வுக்குள்ள ரத்தக் குழாய் கிட்டத்தட்ட கிடையாது, அதனால வெள்ளை அணு உள்ள நுழையறது கஷ்டம். எக்கோல (இதய ஸ்கேன்) பாத்தா இந்தக் கிருமிக் குவியல் கிழிஞ்ச போஸ்டராட்டம் படபடன்னு ஆடும், 1 செ.மீ.க்கு மேல வளந்துட்டா ஆபத்து ஜாஸ்தி. இதயம் ஒரு நாளைக்கு சுமார் 1 லட்சம் தடவை துடிக்குது, எத்தனை அடிதான் தாங்கும், ஒரு துணுக்கு பிச்சுக்கிட்டு இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய குழாய் அயோர்ட்டா, கழுத்துக் குழாய் கரோட்டிட்னு ஏறி மூளைத் தமனில போய் அடைச்சுக்கும்.

சாதா ஸ்ட்ரோக்குக்குப் போடுற ரத்தக்கட்டி கரைக்கிற ஊசியை இங்க தவிர்ப்பாங்க, கிருமி அரிச்ச குழாய் வெடிச்சா மூளைக்குள்ள ரத்தம் கசியும். 4-லேர்ந்து 6 வாரம் நரம்பு வழியா ஆன்டிபயாட்டிக், சிலருக்கு வால்வு ஆபரேஷன். இந்த நேரத்துல போய் "காத்து அடிச்சிடுச்சு"ன்னு புறா ரத்தம் தேய்க்கக் கூட்டிட்டுப் போறவங்களைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். ருமாட்டிக் இதய நோய் இல்லாதப்பட்டவங்க வியாதி, அதான் ஆராய்ச்சிக்குக் காசு போட ஆளில்லைன்னு இன்னொரு கடுப்பும் உண்டு.

சரியான ஆன்டிபயாட்டிக் உள்ள போன முதல் 1, 2 வாரத்துலயே புதுசா துணுக்கு பிச்சுக்கிற ஆபத்து மளமளன்னு இறங்கிடும். மருந்து போடுறதுக்கு முன்னாடியே கல்ச்சருக்கு (எந்தக் கிருமின்னு வளத்துப் பாக்குற டெஸ்ட்) ரத்தம் எடுத்துடணும், உங்க சித்தப்பாவுக்கு எடுத்தாச்சான்னு இன்னிக்கே கேட்டுடுங்க.