தண்ணீரில் வளையும் வாள்

ஜப்பானிய வாள் கொல்லர் பட்டறையை இருட்டாக்கிக்கொண்டுதான் தோய்ச்சல் போடுவார். வெளிச்சம் இருந்தால் எஃகு கனலும் நிறத்தைக் கண் சரியாகக் கணிக்காது. 750 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய வாளை ஒரே வீச்சில் நீர்த்தொட்டிக்குள் இறக்குகிறார். இறங்கும்போது ஏறக்குறைய நேராக இருந்த வாள், ஏறும்போது வளைந்திருக்கிறது. கட்டானா எனப்படும் இந்த ஜப்பானிய வாளின் அழகான வளைவில் பெரும்பகுதி இந்தச் சில நொடிகளில் பிறப்பதுதான்.

இதற்கான சூட்சுமம் களிமண்ணில் இருக்கிறது. களிமண், கரித்தூள், சாணைக்கல் பொடி கலந்த குழம்பை வாளின் முதுகில் தடிமனாகவும் வெட்டுவாயில் மெல்லியதாகவும் பூசியிருப்பார். தண்ணீர் பட்டதும் வெட்டுவாய் சட்டென்று குளிர்கிறது. அங்கிருக்கும் கார்பன் அணுக்களுக்கு விலகிப் போக நேரமில்லை. இரும்பின் படிகக் கட்டமைப்புக்குள்ளேயே மாட்டிக்கொள்கின்றன. அப்படி இறுகிய எஃகுக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். மிகக் கடினமானது, பழைய கட்டமைப்பைவிடச் சற்று அதிக இடம் பிடிப்பது. முதுகோ மண்போர்வைக்குள் மெதுவாகக் குளிர்ந்து, மென்மையான பெர்லைட்டாக மாறுகிறது. ஒருபக்கம் விரிய, மறுபக்கம் சுருங்க, வாள் முதுகுப்பக்கமாக வளைகிறது. இந்த இழுபறியை எஃகு தாங்கவில்லை என்றால் ‘டிங்’கென்று ஒரு சத்தம். வெட்டுவாயில் விரிசல் விழுந்துவிட்டது என்று பொருள். பல நாள் உழைப்பு அத்தோடு போச்சு.

இரு எஃகுகளும் சந்திக்கும் இடத்தில் அலைபோல ஒரு வெண்கோடு ஓடும். ‘ஹாமோன்’ என்பார்கள். நல்ல வாளைக் கையில் வாங்கும் ஜப்பானியர் அந்தக் கோட்டைத் தேடிப் பார்ப்பார்கள்.

இந்த உலோகவியலைத் தெரிந்துகொண்டபின் சாமுராய் படங்களை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. கடினமான எஃகு நொறுங்கும் தன்மையும் உடையது. வெட்டுவாயோடு வெட்டுவாய் மோதினால் சில்லு பெயரும். ஆகவே தீப்பொறி பறக்க ஐந்து நிமிடம் வாள்களை மோதவிடும் காட்சிகள் வாளின் இயல்புக்கு எதிரானவை. உறையிலிருந்து உருவும்போது கேட்கும் ‘ஷிங்’ ஓசையும் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்த்ததுதான். உறை ‘ஹோ’ என்ற மென்மையான மரத்தால் ஆனது. வெட்டுவாய் மேல்நோக்கி இருக்க இடுப்பில் செருகுவதால், முதுகு மரத்தின்மேல் வழுக்கிக்கொண்டு வரும். உண்மையான வாள் ஏறக்குறைய ஓசையின்றித்தான் வெளிவருகிறது.

அதனால் எனக்கு உருவுவதற்கு முந்தைய கணமே பெரிதாகப்படுகிறது. வாளின் அடியிலிருக்கும் உலோகப் பட்டை உறையின் வாயை இறுக்கிப் பிடித்திருக்கும். இடக்கைக் கட்டைவிரலால் கைக்காப்பைச் சற்று தள்ளினால்தான் பிடி விடும். அரை அங்குல அசைவு. ஆனால் அதைக் காட்டிவிட்டால் பார்வையாளருக்குப் புரிந்துவிடுகிறது: இனிப் பேச்சு இல்லை.

‘வாள் சாமுராயின் ஆன்மா’ என்ற வழக்கு போர்க்களத்தைவிட அமைதிக் காலத்துக்கே அதிகம் பொருந்துகிறது. 1588-இல் ஜப்பானை ஆண்ட டொயொட்டோமி ஹிடெயோஷி உழவர்களிடமிருந்த ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய உத்தரவிட்டார். 1603-இல் தொடங்கிய எடோ காலத்தின் நீண்ட அமைதியில் சாமுராய்களில் பலர் கணக்கெழுதும் அலுவலர்களானார்கள். இடுப்பில் நீளமும் குட்டையுமாக இரண்டு வாள்கள் இருப்பதுதான் அவர்கள் யார் என்று ஊருக்குச் சொன்னது. 1876-இல் அரசு வாள் அணிவதைத் தடைசெய்தபோது பறிபோனது அந்த அடையாளம்.

சிறந்த இயக்குநர்கள் இந்த இடத்தைத்தான் தொட்டார்கள். அகிரா குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ (1954) படத்தில் இறக்கும் நான்கு சாமுராய்களும் துப்பாக்கிக் குண்டுக்கே பலியாகிறார்கள். அவர்களில் ஒருவன் வாள்வீச்சில் நிகரற்றவன்.

மானத்துக்காக வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறக்கும் சாமுராய் வழக்கத்தின் பெயரைத் தாங்கிய மசாகி கொபயாஷியின் ‘ஹராகிரி’ (1962) இன்னும் ஆழமாக அறுக்கிறது. வறுமையில் வாடும் இளம் சாமுராய் ஒருவன் குடும்பத்துக்காகத் தன் வாள்களை விற்றுவிட்டு, உறைக்குள் மூங்கில் பட்டைகளை வைத்துக்கொள்கிறான். உதவி தேடிப்போன பெருங்குடும்பத்தின் முற்றத்தில், அந்த மூங்கிலாலேயே வயிற்றைக் கிழித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மான உணர்வு என்ற பெயரில் நடக்கும் அந்தக் கொடுமையை இப்போது நினைத்தாலும் உடல் கூசுகிறது.

படப்பிடிப்புகளிலும் நெடுங்காலமாகப் பயன்படுவது மூங்கிலிலோ மரத்திலோ செய்து வெள்ளித்தாள் ஒட்டிய வாள்தான். அதற்கும் ஜப்பானியத்தில் ‘தகெமிட்சு’ என்றே பெயர். அந்த இளைஞனின் உறைக்குள் இருந்ததும் தகெமிட்சுதான்.

பையனின் உடல் வீட்டுக்கு வந்தபிறகே மூங்கில் வாளைப் பார்க்கிறார் மாமனார் ஹன்ஷிரோ. மகளும் பேரக்குழந்தையும் பட்டினியில் கிடந்தபோதுகூடத் தன் வாளை விற்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இடுப்பிலிருந்த அந்த வாளை இப்போது கையில் எடுத்துப் பார்த்துக் கதறுகிறார்.