வளரூக்கி அன்று, இயக்குநீர்

போன மாதம் கிளிநொச்சியிலிருந்து முழங்காவில் போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா ஒரு துண்டுப்பிரசுரத்தை நீட்டினார். மனநலக் கிளினிக்கில் மகளுக்குத் தைரொக்சின் குளிசை கொடுத்திருக்கிறார்கள். தாளில் அதற்கு "வளரூக்கிச் சிகிச்சை" என்று பெயர். "தம்பி, பிள்ளைக்கு 30 வயசு. இனி என்னத்தை வளர்க்கப் போகினம்? இது மிளகாய்க்கு அடிக்கிற மருந்தெல்லோ?" என்றார். குளிசை பிரிக்காமலே கிடந்தது.

சுரப்பிகள் இரத்தத்தில் விடும் பொருளுக்கு ஆங்கிலத்தில் hormone என்று பெயர்; அதைத்தான் தாளில் வளரூக்கி ஆக்கியிருக்கிறார்கள். 1905இல் உடலியலாளர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் இலண்டனில் புழக்கத்துக்கு விட்ட சொல் அந்த hormone. அதன் கிரேக்க வேருக்குத் தூண்டு, இயக்கு என்று பொருள். எங்கள் பாடநூல்களில் ஓமோன், தமிழ்நாட்டில் ஹார்மோன்.

சரி, வளரூக்கி எங்கிருந்து வந்தது? உடலில் சுரப்பவை பல. அவற்றில் ஒன்றுதான் வளர்ச்சி ஓமோன். ஒன்றின் பெயரை எல்லாவற்றுக்கும் போர்த்திவிட்டார்கள் போலிருக்கிறது. சோமட்டோஸ்டாட்டின் என்ற இன்னொரு ஓமோன் அந்த வளர்ச்சி ஓமோன் சுரப்பதையே தடுப்பது. அதுவும் வளரூக்கியா?

மனநோய்ப் பக்கம் வந்தால் இன்னும் மோசம். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியின் ஓமோன்தான் தைரொக்சின். அந்தச் சுரப்பு மிகவும் குறைந்தால் சிலருக்கு இல்லாத குரல் கேட்கும், வீண் சந்தேகம் வரும். 1949இல் ஆங்கில மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் அப்படி 14 பேரைப் பற்றி எழுதினார். தைரொயிட் மருந்தில் பெரும்பாலோர் தேறினார்கள். மிகைக் கிளர்ச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் அந்தச் சுரப்பியை மந்தமாக்கக்கூடும் என்பதாலும் இரத்தம் சோதிக்கிறார்கள். மனச்சிதைவு உள்ள பெண்களுக்கு வழக்கமான மருந்தோடு பெண் ஓமோனான ஈஸ்திரஜனும் சேர்த்துக் கொடுத்த ஆய்வுகளில் அறிகுறிகள் தணிந்திருக்கின்றன. இதில் எங்கே வளர்ச்சி?

இயக்குநீர் என்பதே சரியான சொல். கிரேக்க வேரின் பொருளும் அதில் அப்படியே இருக்கிறது. குளிசையாகவும் ஒட்டுப்பட்டையாகவும் வருவதை எப்படி நீர் என்பது என்று நண்பர் ஒருவர் கேட்டார். உமிழ்நீர், பித்தநீர் என்று உடலில் சுரப்பதை நீர் என்பது நம் வழக்கம். குளிசை அதற்கு ஈடு. வன்னியில் இயக்கம் என்றாலே போராளி இயக்கத்தின் நினைவு வரும் என்றும் சொன்னார். வரும்தான். அதற்காக வண்டியை இயக்குவதையும் மோட்டரை இயக்குவதையும் நாம் விட்டுவிட்டோமா?

அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டுகிறவர்கள், அச்சுக்குக் கொடுக்குமுன் இந்த அம்மாவைப் போன்ற ஒருவருக்கு ஒருதரம் வாசித்துக் காட்டலாமே. புதுச்சொல் பிடிக்காவிட்டால் ஓமோன் என்றே எழுதட்டும், யாரும் குழம்பமாட்டார்கள்.

அந்த அம்மாவுக்கு, கழுத்துச் சுரப்பியில் வற்றிப்போன நீருக்கு ஈடு இந்தக் குளிசை என்றேன். "இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே" என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.