‘சூப்பர்டா கண்ணா’ எப்போது சுமையாகிறது?

பிள்ளை படம் வரைந்து எடுத்துவந்து நீட்டுகிறது. இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை, கொஞ்சம் கோணலான வீடு. “சூப்பர்டா கண்ணா, உன்னை மாதிரி யாராலும் வரைய முடியாது!” என்கிறோம். எதற்கும் தயங்கும் பிள்ளை என்றால் இன்னும் ஒரு படி கூட்டியே சொல்கிறோம். கொஞ்சம் தைரியம் வரட்டுமே என்கிற பாசம்தான்.

நெதர்லாந்தில் உளவியல் ஆய்வாளர் எடி ப்ரும்மெல்மன் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபிறகு எனக்கு அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. 240 பிள்ளைகளிடம் வான்கோவின் ஓர் ஓவியத்தைக் காட்டி வரையச் சொன்னார்கள். ஓர் ஓவியர் பார்த்து எழுதியதாகச் சிலருக்கு “அழகாக வரைந்திருக்கிறாய்” என்று ஒரு சீட்டு. சிலருக்கு “நம்பவே முடியாத அழகு” என்று சீட்டு. மற்றவர்களுக்குப் பாராட்டே இல்லை. அப்புறம், அடுத்து எதை வரையலாம் என்று அவர்களையே கேட்டார்கள்: தப்பு நிறைய வரக்கூடிய, ஆனால் நிறையக் கற்றுத்தரும் கடினமான படங்களா, சுலபமான படங்களா?

தன்மதிப்பு குறைந்த பிள்ளைகள், வானளாவப் புகழப்பட்டபோது சுலபமானதன் பக்கம் ஒதுங்கினார்கள். ‘அழகு’ என்று மட்டும் கேட்டவர்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை. அடுத்த தடவையும் அதே உயரத்தை எட்டியாக வேண்டும், எட்டாவிட்டால் என் லட்சணம் தெரிந்துவிடும் என்ற பயம் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். தன்மதிப்பு மிகுந்த பிள்ளைகளுக்கோ அதே புகழ்ச்சி ஊக்கமாக இருந்தது. வேதனை என்னவென்றால், பெற்றோர் வீட்டில் கணக்குப் போடவைப்பதைப் படம்பிடித்துப் பார்த்தபோது, மிகைப் புகழ்ச்சி அதிகமாகப் போனது அதைத் தாங்க முடியாத பிள்ளைகளுக்குத்தான்.

சரி, தன்மதிப்பு எதனால் வளர்கிறது? அதே குழு, 7 முதல் 11 வயதுள்ள 565 பிள்ளைகளையும் பெற்றோரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நான்கு தடவை விசாரித்தது. ‘என் பிள்ளை மற்றவர்களைவிட உசத்தி’ என்று நினைத்த பெற்றோரின் பிள்ளைகளிடம் தற்பெருமைதான் கூடியது, தன்மதிப்பு அல்ல. ‘அம்மா, அப்பாவுக்கு என்மேல் பாசம் இருப்பது எனக்குத் தெரிகிறது’ என்று சொன்ன பிள்ளைகளிடமே தன்மதிப்பு வளர்ந்தது.

இப்போது என் பிள்ளை படத்தைக் கொண்டுவந்தால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்கிறேன். “ஜன்னல்ல நிக்கிறது யாரு?” என்று கேட்கிறேன். “ஆச்சி. மழை வருதான்னு பாக்குறாங்க” என்கிறாள்.